பெட்டிகள்

மூன்று வருசமாய் என் போன்
அவளின் முகங்களைப் பெட்டியாகத்தான் காட்டியது.
வெறும் சதுரம். உள்ளே ஒன்றுமில்லை.
"இதென்ன பெட்டி?" என்று முதல் மாதம் கேட்டேன்.
"சும்மா" என்றாள் குவைத்திலிருந்து.
பிறகு கேட்கவில்லை.

பெட்டி வரும்போதெல்லாம்
எனக்குத் தோதான ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டேன்.
ஆஸ்பத்திரி வாசலில் சவாரி இல்லாத மத்தியானங்களில்
அது பெரும்பாலும் சிரிப்பு.
சில இரவு, முத்தம்.
காசு பிந்திய ஒருநாள் மட்டும் முறைப்பு;
அதற்காக இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன்.

என் பக்கத்திலிருந்து போனது எப்போதும் பெருவிரல்.
அப்பாவின் அந்தியேட்டிக்குக் காசு போட்டிருக்கிறேன் என்றாள்,
அதற்கும் பெருவிரல்.

இன்றைக்குப் பழைய போன் கண்ணை மூடிவிட்டது.
பிரதான வீதிக் கடையில் நௌபீர்
பாவித்த போன் ஒன்றைத் தந்து
எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினான்.
"ஒண்டும் போகேல்ல. தர்சிகா அக்காட எல்லாம் இருக்கு."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டோவை நிறுத்தி
மேலே மேலே தள்ளினேன்.
பெட்டிகள் திறந்து கிடந்தன.
ஒன்றில், உருகி வழிகிற முகம்.
நான் கணக்குக் கேட்ட அன்று, சலூட் அடிக்கிற முகம்.
முறைப்பு என்று நினைத்தேனே,
அது விரலிடுக்கால் பயந்து பார்க்கிற முகம்.

மாசி ஒன்பது, இரவு பதினொன்று பத்து.
நான்: காய்ச்சல் விட்டிட்டுது. இப்ப உன்னைக் கேக்கிறானில்ல. நல்ல பிள்ளை.
அவள்: பெட்டி.
நான்: பெருவிரல்.

அந்தப் பெட்டிக்குள்
கண் இரண்டும் தளும்பி நிற்கின்றன.
விழவில்லை. வாய் சிரிக்கப் பார்க்கிறது.
கட்டுநாயக்காவில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம்,
அவள் திரும்பாமல் நடந்தது
இதைக் காட்டாமலிருக்கத்தானா?

கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
கடைப் பற்றுச்சீட்டைக் கையிலிருந்து இழுத்தது.
பசியென்றாலும் பயமென்றாலும்
அதற்கு ஒரே கண்தான்.

முகங்களின் பட்டியலைத் திறந்தேன்.
நூற்றுக்கணக்கில், மஞ்சள் மஞ்சளாய்.
எல்லாம் என்னைவிட இளசு.
ஒன்றும் பொருந்தவில்லை.
பிறகு, ஓட்டோக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்:

சவரம் எடுக்கேல்ல.
வலது கண் சிவந்திருக்கு, தூசியில்ல.
வாய் ஒருபக்கம் நடுங்குது.
பெருவிரலை மடிச்சு வச்சிருக்கிறன்.

ஒற்றைச் சரி விழுந்து நிற்கிறது.
இரவு வேலை முடிந்தால்தான் அவளிடம் போன் கொடுப்பார்கள்.
மான் பற்றுச்சீட்டை மென்று முடித்துவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறது.