சொட்டு

களத்தில் கொட்டிய குறுவை நெல்
கண்ணைக் குத்தியது.
மெட்ராஸ் ஐ என்று தள்ளி நின்றான்
எடைபோடும் சவரிமுத்து.
ஒரு கண்தான். பீளை இல்லை.
வெளிச்சம்தான் வலி.

மன்னார்குடி கண் டாக்டர்
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்:
"விடிகாலையில் முதுகு விறைக்குமா?"
மூட்டை தூக்குகிற வலி, சார், என்றேன்.
"தூக்கும்போதா, படுத்தாலா?"

படுத்தால்தான்.
எட்டு வருஷம்
யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது மணிக்கொரு சொட்டு.
அண்ணாந்தால் கழுத்து வளையாது.
சாக்கு அடுக்கின்மேல் மல்லாந்து கிடக்கிறேன்.
இமையை விரித்துப் பிடித்து
"அசையாதீங்க" என்கிறாள் தையல்நாயகி.
என்னிடம் போய்.

மருந்தும் கண்ணீரும் காதுவரை வழிய,
கிட்ட வந்து குனிந்து பார்க்கிறான் சவரிமுத்து:
"ஈரப்பதம் பதினேழுக்கு மேலப்பா.
எடுக்க மாட்டோம்."