கல்லட்டி, 199933

மசினகுடியில் சாண எரு ஏற்றும்போது
மீட்டரில் 199921.
இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றேன்.
டீக்கடைக்குத்தான் சொல்கிறேன் என்று
மாசி நினைத்துக்கொண்டான்.

எண்ணியலில் இரண்டு அரியரை வைத்துவிட்டு
ஸ்டியரிங் பிடித்தவன் நான்.
மூன்று மாதமாக, எரு பில்களின் பின்பக்கம்
இந்த ஒரு எண்ணை வகுத்து வருகிறேன்.
நானூற்று நாற்பத்தேழோடு நிறுத்தலாம்;
அதற்குள் எண்பத்தாறு பகா எண்கள்.
மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று.
ஏழுக்கு ஆறு, பதின்மூன்றுக்கும் ஆறு.
கடைசியாக நானூற்று நாற்பத்து மூன்று வந்து தட்டியது,
நூற்று நாற்பதை வாசலில் போட்டுவிட்டுத் திரும்பியது.
ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு.
முதல் இலக்கத்தை உருவி வாலில் வைத்தால்
999331.
மறுபடி உருவினால் 993319,
பிறகு 933199, 331999, 319993,
ஆறாவது வளைவில் கிளம்பிய இடம்.
அத்தனையும் பகா எண்.
முதலாவதை நான் கையால் பார்த்தேன்.
மற்ற ஐந்தையும் போன் சொன்னது, நம்பினேன்.

மாவனல்லா தாண்டியதும் 199927.
ஒரு ஏழு, நான்கு பதின்மூன்று,
பெருக்கிக் கட்டிய மூட்டை;
முடிச்சை அவிழ்த்தால் கொட்டிவிடும்.
அதற்காக வேகத்தைக் குறைக்கவில்லை.

ஏற்றத்தில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்
கடைசிச் சக்கரம் இரண்டிலிருந்து மூன்றுக்கு
வழுக்கியது.
அதே நொடி பிரேக்.
சாலை முழுக்கக் காட்டெருமைகள்.
பதினொன்று என்றான் மாசி.
உண்ணிச்செடிக்குள்ளிருந்து ஒரு கன்று வந்து
அவன் கணக்கைக் கெடுத்தது.

எஞ்சினை அணைத்தேன்.
மூன்று நிமிடம் வாழ வேண்டிய எண்
நாற்பது நிமிடம் கண்ணாடிக்குள் நின்றது.
எருவின் சூடு முதுகுக்குப் பின்னால்,
முன்னால் மஞ்சு.
மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதுல என்ன இருக்கு?”
“இத யாராலயும் சமமாப் பங்கு போட முடியாது.”
“நம்ம ரெண்டு பேருக்குக் கூடவா?”
“ஒரு ரூபா மிஞ்சும்.”
“அதை அந்தக் கன்னுக்குட்டிக்குக் குடு.”

அவனுக்குத் தெரியாது,
அடுத்த வாரம் லிங்கா கவுடர் வண்டியை விற்கிறார்.
மேட்டுப்பாளையத்துப் புரோக்கர் செங்கோடன்
ஸ்க்ரூ டிரைவரோடு வருவான்,
சக்கரங்களைப் பின்னுக்குச் சுற்றி
எண்பதாயிரத்தில் நிறுத்துவான்.
எண்பதாயிரம்: ஏழு இரண்டு, நான்கு ஐந்து.
காய்ந்த எரு மாதிரி, விரல் பட்டால் உதிரும்.
வாங்குகிறவனுக்கு அதுதான் பிடிக்குமாம்.

கடைசி எருமை தடுப்புச் சுவரைத் தாண்டி இறங்கியது.
முதல் கியர் போட்டேன்.
அடுத்த வளைவு முடிவதற்குள்
மூன்றின் தலை மறைய, நான்கின் கொம்பு தெரிந்தது.
இரட்டைப்படை. அதைப் பிளக்க
பில் தாளே வேண்டாம்.

“போச்சா?” என்றான் மாசி.
“போச்சு.”
“மறுபடி எப்ப வரும்?”
வாலைத் தலைக்குக் கொண்டுவந்து கழித்துப் பார்த்தேன்.
“ஒரு லட்சத்து இருபதாயிரத்து
அறுபது கிலோமீட்டர் கழிச்சு.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்
கொஞ்சநேரம் யோசித்தான்.
“அதுக்குள்ள டீக்கடை வந்துருமில்ல?”