ஒரு குண்டு, ஒரு மணி

தேர்தல் நாளில் எங்கள் ஊரில்
சைக்கிள் மணி அடிக்கத் தடை.
பள்ளிக்கூடச் சுவர் முடியும்வரை
இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.
வாக்கு விழும் ஓசையும் அதே ஓசை.

காம்பியா ஆற்றின் இந்தக் கரையில்
வாக்குக்குக் காகிதம் கிடையாது.
விரலில் மை வைத்து
கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று தருவோம்.
மறைப்புக்குப் பின்னால் மூன்று பீப்பாய்:
பச்சை, மஞ்சள், சாம்பல்.
சாம்பலில் ஒட்டியிருப்பது கும்பா சானேயின் படம்.
தலைத்துணியை இறுக்கிக் கட்டி,
கடன் வாங்கித் திருப்பாதவனைப் பார்ப்பதுபோல்
நேராகப் பார்க்கிறாள்.
குழாயில் குண்டைப் போட்டால்
உள்ளே மணி ஒருமுறை அடிக்கும்.
இரண்டுமுறை அடித்தால் நான் எழுந்திருக்க வேண்டும்.
அன்றைக்கு என் உத்தியோகமே அதுதான்,
காது.
மற்ற நாட்களில் இதே அறையில்
ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

மூன்று மாதமாக மாமரத்தடியில் ஒரே பேச்சு.
அத்தாயாத் தேநீரைக் கையுயரம் தூக்கி ஊற்றி
நுரை கட்டவைத்தபடியே துலாய் சொல்வான்:
'எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை.
பாஸே பக்கத்து ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.'
பாஸேயிலிருந்து நிலக்கடலை ஏற்றிவந்த லாரிக்காரர் சொன்னார்:
'நாங்கள் எப்போதோ தயார்.
கடற்கரைக்காரர்களைப் போய்க் கேளுங்கள்.'
கடற்கரைக்குக் கருவாடு வாங்கப் போன என் கணவர்
திரும்பிவந்து செருப்பைக் கழற்றுமுன் சொன்னார்:
'அங்கே நம்மைக் கைகாட்டுகிறார்கள்.'

ஆளாளுக்குத் தயார்.
நாடு மட்டும்தான் இன்னும் தயாராகவில்லை.

நியிமாவுக்கோ வேறு பயம்.
'நடுராத்திரியில் ராணுவத்தான் வந்து
கதவைத் தட்டினால் என்ன செய்வாள் அவள்?'
உன் வீட்டுக் கதவைத் தட்டினால்
யார் எழுந்து திறப்பது, என்றேன்.
முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தவள்
'நான்தான்' என்றாள்.
கொஞ்ச நேரம் உமி மட்டும் பறந்தது.

தேர்தல் அன்று இமாம் முதலில் போனார். ஒருமுறை.
அவர் இரண்டு மனைவியரும் போனார்கள்.
ஒருமுறை. ஒருமுறை.
பச்சைக்கும் அதே டிங், சாம்பலுக்கும் அதே டிங்;
எவ்வளவு கூர்மையான காதுக்கும்
அதற்குமேல் ஒன்றும் கிடைக்காது.
துலாய் உள்ளே போனான்.
சத்தமே இல்லை.
வரிசையில் யாரோ தும்மினார்கள்.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி
பாதி எழுந்துவிட்டேன்.
பிறகு அடித்தது.
மைவிரலை ஊதிக்கொண்டே
என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

மதியம் ஒரு பொடியன்
தெருவில் சைக்கிள் மணியை அழுத்திவிட்டான்.
வரிசையே சிரித்தது, போலீஸ்காரர் துரத்தினார்.
நியிமா உள்ளே இருந்தாள் அப்போது.
அவள் மணி எது, பையன் மணி எது என்று
இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சாயங்காலம் எண்ணிக்கை.
இருநூறு குழி உள்ள தட்டு,
பல்லாங்குழிக்கு அசுரப் பசி வந்ததுபோல்.
பச்சை: தட்டு நிறைந்து மேலே பதினேழு.
மஞ்சள்: நாற்பது.
சாம்பல் பீப்பாயைக் கவிழ்த்தோம்.
உருண்டன, உட்கார்ந்தன.
நூற்றுத் தொண்ணூற்றாறு.
ஓரத்தில் நான்கு குழி காலி.

தோல்விதான். கையெழுத்துப் போட்டேன்.
ஆனாலும் கணக்கு டீச்சரின் கை சும்மா இருக்குமா?
எங்கள் பட்டியலில் பெண்கள் நூற்றெழுபத்தொன்று.
ஒருத்திகூடத் தவறாமல் அவளுக்கே போட்டிருந்தாலும்
மிச்சம் இருபத்தைந்து.
யாரந்த இருபத்தைந்து?
மாமரத்தடியில் உட்காருபவர்களை
ஒவ்வொருவராய் நினைத்துப் பார்த்தேன்.
மீசைகள், தொப்பிகள், பழைய ஸ்வெட்டர் ஒன்று.

இரவில் ரேடியோ
மற்ற ஊர்க் கணக்குகளைக் கரகரத்துக்கொண்டிருந்தது.
முதல் கோப்பை கசப்பும் இரண்டாவதும் முடிந்து
சர்க்கரை கூடிய மூன்றாவதை நீட்டினான் துலாய்.
'பார்த்தாயா டீச்சர்,
நான்தான் சொன்னேனே, நம் ஊர் தயாரில்லை.'
சொன்னவன் குனிந்தே இருந்தான்.
அவன் கை டம்ளர்
என் டம்ளரில் இடித்தது, ஒருமுறை.

நாள் முழுக்கப் பழகிய காது
அடுத்ததற்குக் காத்திருந்தது.