கொம்பு ஊதியபின்

க்லும் குன்றில் ஜூலை முதல் சனிக்கிழமை.
காலையில் ப்ளாஷெனா வரிசையைச் சோதித்து வருகிறாள்,
கையில் அட்டை, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறில் ஜிப் கிடையாது.
அறுபத்தாறில் ரப்பர் செருப்பு கிடையாது.
ஒருவனின் பொத்தானை நகத்தால் தட்டி
பிளாஸ்டிக், என்று குன்றுக்கே கேட்கச் சொல்கிறாள்.

என் முறை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
காதும் காதும் வைத்த மாதிரி
உள்ளே இருக்கின்றன இரண்டு நுரை அடைப்பான்கள்,
ஆரஞ்சு நிறம், மருந்துக்கடையில் ஐந்து ஜோடி ஒரு பை.
மேலே பழுப்புக் கம்பளி நூலைச் சுருட்டி ஒட்டியிருந்தேன்.
அவள் குனிந்து நன்றாகவே பார்த்தாள்.
பிறகு யாரும் கவனிக்காத நொடியில்
தன் கூந்தலைச் சற்று ஒதுக்கிக் காட்டினாள்.
அவளுடையவை பச்சை.

ஓல்ட்ரிக் மட்டும் வைக்கமாட்டான்.
பதினெட்டு வருடமாக எங்கள் பீரங்கிக்கு முதலாள்.
மற்ற நாட்களில் பர்துபிட்சேயில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
"அவர்கள் காதில் என்ன இருந்தது?" என்பான்.
"அழுக்கு," என்பேன்.
"அதுதான் எனக்கும்."
அவர்களுக்கு இங்கே ஒரே ஒரு ஜூலை, ஓல்ட்ரிக்.
உனக்கு இது பதினெட்டாவது.
மே மாத ஒத்திகைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரத்தம் பீட்ரூட். குதிரைகள் மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
குழலில் குண்டு இல்லை, மருந்தும் மாவும் மட்டும்.
இந்த வெளியில் அசலாக இருப்பது சத்தம் ஒன்றுதான்.
கயிற்றை இழுக்குமுன் நான் கை உயர்த்துவேன்,
இரை கேட்கும் குஞ்சுகளாக எல்லோரும் வாய் பிளப்போம்.
செவிப்பறை கிழிந்தால்கூடத் தைத்துவிடலாமாம்.
அதற்கும் உள்ளே, நத்தைச் சுருளுக்குள்,
புல்போல் நிற்கும் இழைகள் சாய்ந்தால்
சாய்ந்ததுதான் என்றார் மருத்துவர்.
அவனுக்கு இதைக் கத்திச் சொன்னேன்.
கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

மூன்றரைக்கு அவன் சாகவேண்டுமென்று சீட்டில் இருந்தது.
செத்தான், அழகாக,
சக்கரத்தில் முதுகு தேய்த்துச் சரிந்து.
ப்ரஷ்யர்கள் வந்து எங்களைக் கைதுசெய்தார்கள்
(என்னைப் பிடித்தவர் என் பல் மருத்துவர்).
பிறகு க்ரிஷ்டோஃப் கொம்பை எடுத்தான்.
கூட்டம் காத்திருப்பது இதற்குத்தான்.
செத்தவர்கள் எழும் கொம்பு.
முந்நூறு பேர் புல்லிலிருந்து எழுந்து
முழங்காலைத் தட்டினார்கள், கைபேசியைத் தேடினார்கள்.

ஓல்ட்ரிக் எழவில்லை.

சிரித்தார்கள். இன்னொரு முறை ஊது என்றான் ஒருவன்.
ஊதினான்.
மூக்கில் ஈ நடந்தது,
பதினெட்டு வருடப் பயிற்சியோடு அவன் அசையாமல் கிடந்தான்.
சிரிப்பு பின்வரிசையிலிருந்து நிற்கத் தொடங்கியது.
ஆம்புலன்ஸ் பெண் பையோடு ஓடிவந்தாள்.
அவளுக்கு முன்னால் நான் போய்த் தோளைத் தொட்டேன்.
ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதடு அசையாமல்,
"முடிந்துவிட்டதா?"
தலையசைத்தேன்.
"ஊதினானா?"

ராத்திரி பியர் கூடாரத்தில் யாரும் அதைக் கிளறவில்லை.
அவனாகத்தான் சொன்னான், கோப்பையைப் பார்த்தபடி:
"எனக்குள்ளே ஒன்று எப்போதும் ஊதிக்கொண்டிருக்கிறது, த்ரஹொமீரா.
அதற்கு எழுந்தால் நான் படுக்கவே முடியாது."
லிஃப்டின் கம்பி கீச்சிடுவதை
இப்போதெல்லாம் உதவியாளன்தான் கேட்டுச் சொல்கிறானாம்.
மீதிப் பையை மேசையில் அவன்பக்கம் தள்ளினேன்.
ஒன்றை எடுத்து ரொட்டி மாவுபோல் உருட்டினான்,
மோந்து பார்த்தான்,
தோட்டாப் பையில் போட்டு மூடினான்.

ஞாயிறு, பதினொரு மணிக்கு மறுபடி சண்டை.
ப்ளாஷெனா அவன் தொப்பியை விரலால் உயர்த்தினாள்.
வலது காதில் ஆரஞ்சு, நூல்கூடச் சுற்றாமல், பளிச்சென்று.
அட்டையில் ஏதோ எழுதப்போனவள் நிறுத்தி
இடது காதைச் சுட்டினாள்.
"அது கிடக்கட்டும்," என்றான்,
தேவைக்கு மேல் உரக்க.