கீழ்த்தட்டு

கென்டக்கியில், மாவட்ட எல்லைக் கல்லுக்கு
நாற்பதடி இந்தப் பக்கம் இருந்தது என் கடை.
அந்தப் பக்கம் சாராயம் விற்கத் தடை;
தேவாலயங்கள் மட்டும் பதினேழு.
ஆகவே ஞாயிறு தவிர எல்லா நாளும்
அந்தப் பக்கத்துக் கார்கள்தான்
என் சன்னலோரம் வரிசை கட்டின.

பத்தொன்பது வருஷம்.
ஆளைப் பார்க்க வேண்டாம், எஞ்சின் சத்தம் போதும்.
திணறி நிற்பது டுவைட் ஷிஃப்லெட்,
அரை பைன்ட், சில்லறையாகவே கொடுப்பான்.
கண்ணாடியை நாலு விரல் இறக்கிக்
கை மட்டும் நீட்டுவது ஞாயிறு பள்ளி ஆசிரியை,
பெயர் சொல்ல மாட்டேன்.

காகிதப் பையின் கழுத்தை
ஒரே திருகில் முறுக்கத் தெரியும் எனக்கு.
கடை சாத்துமுன் ஒவ்வொரு புட்டியையும்
முகம் வெளியே பார்க்கத் திருப்பி வைக்கத் தெரியும்.
உள்ளே இருப்பது எப்படி வந்ததென்று
தெரியாது.
கேட்டவர்களுக்கு லேபிளைப் படித்துக் காட்டினேன்.

பிறகு விற்றுவிட்டேன்.
ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியாயிற்று,
வங்கிக்கு ஒன்று, தங்கை பெர்னிடாவுக்கு ஒன்று.
நடந்தது இவ்வளவுதான்:
ஒரு பிப்ரவரி மாலை
மக்காச்சோளம் வேகும் வாசனை
எங்கிருந்தோ காற்றில் வந்து
கல்லாப்பெட்டி வரை நுழைந்தது.

முதல் ஊறல் கெட்டது.
இரண்டாவதில் சூடு தணியுமுன் ஈஸ்ட்டைக் கொட்டிக் கொன்றேன்.
மூன்றாவது, செம்புக் குழாயின் முனையில்
கண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டியது.
நாக்கில் வைத்தேன்:
சோளத்தட்டை, தீக்குச்சி, கொஞ்சம் கோபம்.
போர்பன் ஆவதற்கு இன்னும் மரம் வேண்டும்.
உள்ளே கரியாகும்வரை சுட்ட
புது ஓக் பீப்பாய்கள், அறுபது, கடனில்.

கடையில் காலம் என்பது
மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்தது.
இங்கே நாலு கோடை, நாலு குளிர்.
வெயிலில் மரத்துக்குள் போகிறது,
பனியில் திரும்பி வருகிறது.
நான் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.
ஆவியாய்ப் போனதைக் குடித்தவர்கள்
ஒரு காசு வரி கட்டவில்லை;
மிச்சத்துக்கு நான் கட்டினேன்.

கிடங்குச் சுவரில் கரும்பூசணம் ஏறி,
அது பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவருக்கும் தாவியதும்
திருமதி ஓல்டகர் வக்கீல் கடிதம் அனுப்பினாள்.
வடித்த சக்கைக்காக
ஷிஃப்லெட்டின் மாடுகள் வேலியோரம் நிற்கும்,
நேரம் தவறாமல்,
எனக்குப் பழகிய அதே வரிசையில்.
டுவைட் குடியை விட்டு இரண்டு வருஷம்.
சக்கையை வண்டியில் அள்ளும்போது
மூச்சை அடக்கிக்கொள்வான்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் ஆண்டு, ஆறு புட்டிகளோடு
என் பழைய கடைக்குப் போனேன்.
கதவு மணி அதே மணி.
புது முதலாளி பிரெண்டன் ஒரு வாய் சுவைத்து,
"நல்லாத்தான் இருக்கு.
யாராவது கேட்டு வரட்டும், பார்க்கலாம்.
இப்போதைக்கு கீழ்த்தட்டில் வையுங்க" என்றான்.

அது என் வசனம்.
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
ஒருவன் மழையில் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தான்,
கோட்டில் புகை வாசனை.
எட்டு மாதம் கழித்து
தூசி தட்டித் திருப்பி அனுப்பினேன்.
அவன் பெயர் நினைவில்லை,
புட்டியின் பெயரும் இல்லை.

முழங்கால் மடக்கித் தரையில் உட்கார்ந்தேன்.
இந்தச் சிமெண்டின் குளிர்ச்சி
இத்தனை வருஷம் எனக்குத் தெரிந்ததே இல்லை.
ஆறையும் வைத்தேன், முகம் வெளியே பார்க்க.
கை நிற்கவில்லை.
பக்கத்தில் கோணலாய் நின்ற
யாருடையதோ ஒரு ரம்மையும் திருப்பியது,
அதற்கடுத்ததையும்.

சன்னல் பக்கம் ஒரு கார் ஹாரன் அடித்தது.
பாதி எழுந்துவிட்டேன்.