மாதிரி வீடு

பாகலூர் ரோட்டில் ரோஜாப் பண்ணைகள் முடிகிற இடத்தில்
எங்கள் பிருந்தா என்கிளேவ் தொடங்குகிறது.
எங்கும் முடிவதில்லை.

ஏ பிளாக் ஐந்து மாடி. பி பிளாக் மூன்றரை.
சி பிளாக் வெறும் அஸ்திவாரம், அதில் தவளை கத்துகிறது.
லிப்ட் வரவேண்டிய குழியில்
கப்பி மாட்டி சிலிண்டர் ஏற்றுகிறோம்.
மேலே இருந்து ஷாஹின், கீழே இருந்து லூர்து,
"பாத்து, பாத்து" என்கிறார்கள்.
ஒருவருக்கும் எதுவும் தெரியாத இருட்டு.

வாடகையும் தவணையும் ஒரே சம்பளத்தைக்
கடித்து இழுத்தன. வாடகையை விட்டோம்.
கண்ணாடி வராத ஜன்னலுக்கு
யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸோ
கிடைத்ததைக் கட்டியிருக்கிறோம்.
ஒரு பெண் தலைகீழாகச் சிரிக்கிறாள்.

பில்டர் நம்பருக்கு அடித்தால்
கன்னடத்தில், ரொம்ப மரியாதையாக,
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு குரல்.
முனிராஜ் சில ராத்திரி
அதைக் கேட்பதற்கென்றே கூப்பிடுகிறார்.
அவங்களாவது பதில் சொல்றாங்களே, என்கிறார்.

முடிந்த வீடு ஒன்று உண்டு.
கேட்டுக்குப் பக்கத்தில், தரைத்தளம். மாடல் பிளாட்.
ஏசிக் குளிரில், பாதாம் பால் குடித்துக்கொண்டு
நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது அங்கேதான்.
மேஜையில் பிளாஸ்டிக் ஆப்பிள்.
அட்டையில் டிவி.
அலமாரியில் முதுகு மட்டும் உள்ள புத்தகங்கள்.
சாவி வாட்ச்மேன் திம்மராயப்பாவிடம்.
பதினோரு மாதமாகச் சம்பளம் வராதவர்
தினமும் துடைத்து வைத்திருந்தார்,
யாராவது பார்க்க வந்தால்?

ஐப்பசியில் ஒரு ராத்திரி சாரல் திசை மாறி அடித்தது.
நானூற்று இரண்டிலிருந்து சுகுணா
பதினாறு நாள் பிள்ளையோடு,
கைப்பிடி இல்லாத படியில்
சுவரைத் தடவித் தடவி இறங்கி வந்தாள்.
திம்மராயப்பா ஒன்றும் கேட்கவில்லை. திறந்தார்.
காட்சிக்குப் போட்ட மெத்தையில்
முதல்முறையாக ஒரு உடம்பு படுத்தது.
பாலிதீன் உறை விடிய விடிய
நொறுநொறுத்ததாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில்
கலெக்டர் மனு, ரெரா வழக்கு, வக்கீல் பீஸ் பாக்கி
எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு பார்கவி கேட்டாள்:
"அதுவும் நம்ம காசுதானே?"
ரொம்ப நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை.
பிறகு யாரோ ஒரு நோட்டில் கோடு போட்டார்கள்.
முப்பத்தொரு குடும்பம், ஆளுக்கு ஒரு ராத்திரி,
பிப்ரவரியில் சண்டை வரும் என்று தெரிந்தே.

எங்களுக்கு இருபத்து மூன்று.
கம்பெனியில் பிரேக் பாகங்களை அளக்கிறவன் நான்.
என் வீட்டுச் சுவரை ஒரே ஒருமுறை அளந்தேன்,
அப்புறம் வெர்னியரை வீட்டுக்கு எடுத்து வருவதில்லை.
செகண்ட் ஷிப்ட் முடிந்து வருகிறேன்.
தூங்காமல் காத்திருந்த மகள்
கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள்.
மேலே எங்களுக்கு இருப்பது ஒரு பழைய புடவை.
பார்கவி சமையலறைக் குழாயைத் திருகுகிறாள்.
பின்னால் பைப் இல்லை, அவளுக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் நிற்கிறாள்.
பிறகு இறுக்கி மூடுகிறாள்.

ஆப்பிளில் சின்னப் பல் தடம்.
நேற்று ஷாஹின் வீட்டு முறை, பையனாக இருக்கும்.
திருப்பினால் மறுபக்கம்
பெரிய பல் தடம் ஒன்று.

ஏழு மணிக்கு வாசலில் கார். கர்நாடகப் பதிவெண்.
ஒரு புரோக்கர், ஒரு இளம் ஜோடி.
அந்தப் பெண்ணின் கையில்
நாங்கள் வாங்கிய அதே வழவழப்பான புத்தகம்.
"மாடல் பிளாட் பாக்கணும்."

வாயில் பேஸ்ட், இடுப்பில் லுங்கி,
எனக்குப் பின்னால் கட்டிலில் மகள் கால் பரப்பித் தூங்குகிறாள்.
புரோக்கர் கண்ணால் கெஞ்சுகிறான்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.
"இதை அப்புறம் பாக்கலாம்.
மொதல்ல மேல வாங்க, நாலாவது மாடி.
கைப்பிடி கிடையாது,
செவுத்துப் பக்கமா ஏறுங்கம்மா."