வாக்கியத்தின் வால்

ஓய்வுபெற்ற அன்று, கட்லட்டைக் கடித்தபடி ஒருவர் கேட்டார்:
முப்பத்தொரு வருடம், மேடம்,
சுருக்கமாகச் சொன்னால் என்ன வேலை?

சுருக்கமாகச் சொன்னால்,
"மருந்தை வழங்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன்.
"வழங்கலாம்" என்று திருத்தித் தந்தார்கள்.

காலிமுகத் திடலைப் பார்த்த ஹோட்டல்,
பதினொரு நாட்டுக்கு ஒரு நீள்வட்ட மேசை,
அளவுக்கு மீறிய குளிர்.
கடல் தெரியும். புரொஜெக்டருக்காகத் திரையை இழுத்துவிடுவார்கள்.
திம்புவிலிருந்து வந்த பேமா சால்வைக்குள்ளிருந்து பேசுவாள்:
எங்கள் முழு நாட்டுக்கும் நாலு பெட்டி போதும்,
நாலு பெட்டிக்கு எவன் விலை சொல்லுவான்?
சேர்ந்து வாங்குவோம் என்றேன்.
சேர்ந்து வாங்கலாம் என்று குறித்துக்கொண்டது கூட்டறிக்கை.

பென்சதீன் பெனிசிலின்.
தொண்டை நோவில் தொடங்கி
இதயத்தின் வால்வைத் தின்னுகிற காய்ச்சலுக்கு
மூன்று கிழமைக்கு ஒருக்கால், இடுப்பில், வருடக்கணக்காய்.
விலை ஒன்றுமில்லை.
அதனால்தான் செய்ய ஆளில்லை.
மலிவாய் இருப்பதும் ஒரு வியாதி,
அதற்கு மருந்து என் பட்டியலில் இருக்கவில்லை.

ஒருமுறை, இரவு பதினொன்றரைக்கு,
நானேதான் விட்டுக்கொடுத்தேன்.
அவர்களுக்கு விமானம். எனக்குப் பசி.
லொக்குகேயின் விரலுக்கு இரண்டு விநாடி வேலை:
அழித்தார், பிறகு ஒரு 'லாம்'.
எல்லோரும் கைதட்டினோம், நானும்.
கண்ணாடியில் செய்த இலை ஒன்று பரிசாய்த் தந்தார்கள்.
வீட்டில் தூசி தட்டுகிறேன் அதை.

இப்போது பொரளைச் சந்தியில், பிரஷர் குளிசைக்கு வரிசையில் நிற்கிறேன்.
முன்னால் ஒரு பெண், கொலொன்னாவவாம்,
மடித்து மடித்து நைந்த சீட்டு.
ஆஸ்பத்திரியில் இல்லையாம், வெளியே வாங்கச் சொன்னார்களாம்.
பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் மகள்,
இரண்டு படி ஏறியதற்கே வாயால் மூச்சு.
"மே பெஹெத ஓனே."

ஓனே.
தேவைக்கும் கட்டாயத்துக்கும் சிங்களத்தில் ஒரே சொல்.
தமிழிலும் அதேதான், வேண்டும்.
இத்தனை வருடம் ஆங்கிலத்தில் மல்லுக்கட்டியதில்
இது என் கண்ணில் படவே இல்லை.

நிஜாமுதீன் லாச்சியை இழுத்துப் பார்க்கிறார்.
இல்லை என்று தெரிந்தே இழுக்கிறார்,
அது அவர் செய்கிற மரியாதை.
செவ்வாய்க்கிழமை வரலாம் என்கிறார் சிங்களத்தில்,
என் முகத்தைப் பார்த்து, ஏனோ, தமிழிலும்.

வரலாம்.
என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அவள் சீட்டைத் திரும்ப மடிக்கிறாள், பழைய மடிப்பிலேயே.
மகள் கம்பியைப் பிடித்துப் படி இறங்குகிறாள்.
வரிசை ஓர் ஆள் நகர்கிறது.

என் குளிசை இருந்தது.
மூன்று கம்பனியில் இருந்தது.
மூன்று அட்டையையும் கண்ணாடி மேல் பரப்பி வைத்துவிட்டு
நிஜாமுதீன் கேட்கிறார்,
எது வேணும், மேடம்?